கல்லூரிப் பிள்ளைகள் வைத்த மொய்

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வேலை மட்டும் கடைசிவரை ஓய்வதில்லை. மொய் எழுதுவது. எழுத்து பிசகாது, கூட்டல் தப்பாது, பந்திக்கு அவசரப்பட்டு எழுந்து போகமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. மீன்சுருட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வீடு குடிபோவது என்று எத்தனை நோட்டு எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அதில் ஒரு முறை உண்டு. மேசையில் இரண்டு பேர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிச் சொல்வார், மற்றவர் எழுதுவார். நோட்டின் மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் மொய்யை முதலில் எழுத வேண்டும். பிறகு ஊர், பெயர், தொகை. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் "தெற்குத் தெரு", "டீக்கடை", "மில் டிரைவர்" என்று அடையாளமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காரணம், அந்த நோட்டு வெறும் வரவுக் கணக்கு இல்லை, கடன் பத்திரம். இன்றைக்கு 500 வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு 500-க்குக் குறையாமல் வைத்தாக வேண்டும். விசேஷத்துக்குக் கிளம்புமுன் பழைய நோட்டைப் புரட்டிப் பார்க்காத வீடு இந்தப் பக்கம் கிடையாது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக வைத்து இலட்சக்கணக்கில் வசூல் செய்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த அளவுக்கு இல்லை.

2023 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நாலு பெண்கள், இரண்டு பையன்கள். எல்லாரும் இந்தச் சுற்றுவட்டாரம்தான். "தாத்தா, நாங்க ஒரு மொய் வைக்கப்போறோம். நீங்கதான் நோட்டு எழுதணும்" என்றார்கள்.

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் நின்னுபோச்சு தாத்தா. அதுக்குத்தான் மொய்."

விஷயம் இதுதான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, பதினெட்டு ஆவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போதே, வீட்டில் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார்கள். யாரோ 1098-க்குப் போன் செய்ய, அதிகாரிகள் வந்து பேசி, எழுதி வாங்கி, கல்யாணம் நின்றது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை அதோடு முடிகிறது. செய்தித்தாளில் இரண்டு அங்குலச் செய்தி, "சிறுமி திருமணம் தடுத்து நிறுத்தம்" என்று. அதற்குப் பிறகு அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. இந்தப் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாத அவமானத்தில் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். படிப்புக்குப் பத்துக் காசு தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அவள் அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டில் இருந்து பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். வெளியூரில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்லூரிக் கட்டணம் குறைவுதான். விடுதிக்கு முன்பணம், சாப்பாட்டுச் செலவு, துணிமணி, புத்தகம் என்று மற்றதெல்லாம் சேர்ந்தால் ஆயாவின் முதியோர் பென்ஷனில் ஆகிற காரியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர்தான் தடுப்பு அதிகாரி. கல்யாணத்தை நிறுத்துவதற்கு அதிகாரி உண்டு, போன் நம்பர் உண்டு. நிறுத்திய மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குள் நடப்பதற்குச் சட்டத்தில் இடம் குறைவு.

ஒன்றிய அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். அம்மையார் யாரென்று அப்போது அலுவலகத்திலேயே பலருக்குத் தெரியாது. மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூர், தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர், 1936-இல் அதைப் பற்றி நாவலே எழுதியவர், 1938-இல் இந்தி எதிர்ப்பு நடைப்பயணத்தில் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தவர். அவர் பெயரில் வந்த பணத்துக்காக, "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், பாப்பா எட்டு முடிக்கட்டும்" என்று சொன்ன தகப்பன்மார்களை நான் அறிவேன். பிறகு கல்வித்தகுதியைப் பத்தாம் வகுப்பு என்றாக்கினார்கள். 2011-இல் தொகை 25,000, பட்டம் பெற்றவளுக்கு 50,000, கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம். 2016-இல் அது 8 கிராம் ஆனது. குறை சொல்கிறவர்கள், "படித்த பெண்ணுக்கும் கடைசியில் தாலிதானா பரிசு?" என்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தத் தாலித் தங்கம் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கூடுதலாக உட்கார வைத்தது என்பதும் உண்மை. 2022 செப்டம்பரில் அதைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாக்கினார்கள். நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது என்றாலும், அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஒரு சந்தோஷம். பணம் கல்யாணப் பந்தலிலிருந்து கிளம்பி வகுப்பறைக்கு வந்து சேர முப்பத்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

பிள்ளைகளின் யோசனையும் அதே திசையில்தான் இருந்தது. அந்தக் குழுவில் கொஞ்சம் துடுக்காகப் பேசும் பெண் சொன்னாள்: "பொண்ணு வயசுக்கு வந்தா மொய் வக்கிறீங்க. கல்யாணம்னா மொய், வளைகாப்புன்னா சீர், பொறந்த புள்ளைக்குக் காதுகுத்துன்னா மறுபடி மொய். அவ காலேஜ் போனா மட்டும் ஏன் தாத்தா யாரும் வைக்கறதில்ல?"

எழுபது வயதைத் தாண்டியும் எனக்குத் தோன்றாத கேள்வி. சரி, எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ரசீதுப் புத்தகம் வேண்டும், செலவுக்கு பில் வேண்டும், பணம் அன்று இரவே எண்ணி மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தேன். முகம் சுளித்தார்கள். குமாஸ்தா புத்தி.

நான் சின்ன வயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே கன்னியர் மடத்துப் பள்ளியில் வருஷத்துக்கு ஒருமுறை 'கெர்மெஸ்' என்று ஒரு திருவிழா நடக்கும். பள்ளி மைதானத்தில் கடைகள் போடுவார்கள், வளையம் எறிவது, மீன் பிடிப்பது என்று விளையாட்டுகள் இருக்கும், மாணவிகள் தைத்த கைக்குட்டை, மேசை விரிப்பு விற்பார்கள். கடைசியில் 'தொம்போலா' என்கிற குலுக்கல். வசூல் முழுக்க மடத்தில் வளர்ந்த அநாதைப் பெண்களுக்கு. நாங்கள் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று, டிக்கெட் வாங்க அப்பாவிடம் காசு கேட்டு அழுவோம். பெரிய பரிசு சைக்கிள். எனக்கு விழுந்தது ஒரு முறை சோப்பு, ஒரு முறை பென்சில். கன்னியர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: வெறுங்கையை நீட்டினால் ஓரணா விழும், கையில் ஒரு டிக்கெட்டைக் கொடுத்தால் ஒரு ரூபாய் விழும். கொடுக்கிறவனுக்கும் ஏதாவது திரும்பி வரவேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடங்களில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மனப்பாடம் செய்தோம். 1791-இல் பெண்களின் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் து கூழ் என்ற பெண்மணியை 1793 நவம்பரில் கில்லட்டினில் ஏற்றினார்கள் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே 1944-இல்தான். சென்னை மாகாணத்தில் 1921-லேயே, சொத்து இருந்த பெண்களுக்காவது, கொடுத்துவிட்டார்கள். இதைப் பழைய காரைக்கால் சிநேகிதர்களிடம் சொன்னால் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கடைத்தெருவில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனபோது முதல் கேள்வியே, "யார் வீட்டுப் பொண்ணு?" என்பதுதான். சொல்லக்கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்று வந்துவிட்டால் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். குழந்தைத் திருமண ஆபத்தில் இருப்பவளும் அதில் சேர்த்தி. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லலாமா? நாளைக்கு அவள் பஸ்ஸில் ஏறும்போது, "இவளுக்குத்தான் மொய் வச்சோம்" என்று ஒரு விரல் நீளும். அந்த ஒரு விரலுக்குப் பயந்துதானே எத்தனையோ பெண்கள் எதையும் யாரிடமும் கேட்பதில்லை.

ஆனால் கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. உரக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடமே வந்தார். "ஏங்க, பேரு இல்லாம மொய் எப்படிங்க? நாளைக்கு எங்க வீட்டுக்கு யாரு திருப்பிச் செய்யறது? மொய்யின்னா ஒரு வீடு இருக்கணும், ஒரு வாசல் இருக்கணும்." அவர் கஞ்சர் இல்லை. கோயில் காரியத்துக்கு அள்ளிக் கொடுப்பவர். மொய்யின் இலக்கணத்தைத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தபோது அவர்களுக்கு வேலூர்க் கதையைச் சொன்னேன். திண்டிவனத்தில் மிஷன் பங்களாவில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் இருந்தார். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பிரசவத்தில் மனைவி துடிக்கிறாள் என்று. ஐடாவின் தகப்பனார் டாக்டர், நான் வருகிறேன் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் வாங்கினார். இந்தியாவுக்குக் கப்பல் ஏறுமுன், பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டிக்கொண்டு போ என்று மிஷனில் சொன்னார்கள். படிப்பு முடித்து வந்த பெண்ணிடம் அப்படிச் சொன்னால் என்ன செய்வாள்? வீடு வீடாகத்தான் போனார். ஷெல் என்ற வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் வேலூரில் ஆஸ்பத்திரி வந்தது. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. பிறகு 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லூசி பீபடி என்ற அம்மையார் முன்நின்று ஒரு பெரிய வசூல் நடத்தினார். ஆசியாவில் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு. நம் சென்னை கிறிஸ்தவ மகளிர் கல்லூரியும் வேலூரும் அதில் உண்டு. ராக்ஃபெல்லர் நிதியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நீங்கள் 20 இலட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் 10 இலட்சம் தருகிறோம் என்று. பெண்கள், கல்லூரி மாணவிகள் உள்பட, அதைத் திரட்டினார்கள்.

"அந்த மூணு பொம்பளைங்க பேரு என்ன தாத்தா?" என்றான் ஒரு பையன்.

"யாருக்கும் தெரியாது. பேரு தெரியாத மூணு பேருக்காகத்தான் அவ்வளவு பணம் வந்தது."

துடுக்குப் பெண் விடவில்லை. "அவங்க அமெரிக்காவுல இருந்தாங்க தாத்தா. தூரத்துல இருக்கறவங்களுக்குப் பேரு தேவையில்ல. பக்கத்துத் தெருவுல இருக்கறவங்களுக்குத்தான் பேரு வேணும்."

அவள் சொன்னது சரி. நம் நாட்டிலும் பெயர் முன்னால் நின்றால்தான் பணம் வந்திருக்கிறது. 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபாய் காந்தி காவலிலேயே இறந்தபோது, கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக அவர் பெயரில் 75 இலட்சம் திரட்டுவதென்று தொடங்கினார்கள். காந்திக்கு 75 வயது நிறையும் அக்டோபர் 2-க்குள் இலக்கைத் தாண்டிவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி அதற்காகக் கச்சேரிகள் செய்தார். எல்லாரும் அறிந்த ஒரு பெயர் இருந்ததால் வந்த பணம் அது. இந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. இருக்கிற பெயரையும் சொல்லக்கூடாது.

கடைசியில் வழி சொன்னது நாங்கள் யாரும் இல்லை. எங்கள் தெருவில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற ஒரு அம்மா, திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏண்ணே, இதுல என்ன இருக்கு? நாங்க சீட்டு போடறோம். ஆருக்குச் சீட்டு விழுதுன்னு மொதல்லயே தெரியுமா? இன்னிக்கு அந்தப் புள்ளைக்கு வக்கிறோம். நாளைக்கு எம் பேத்தி காலேசு போனா இந்தப் புள்ளைங்க எனக்குத் திருப்பிச் செய்யட்டும்" என்றார்.

அப்படியே எழுதினோம். நோட்டின் முதல் பக்கத்தில் "படிப்பு மொய்" என்று தலைப்பு. கீழே: "இதில் மொய் செய்தவர் வீட்டுப் பெண் கல்லூரியில் சேரும் ஆண்டில், செய்த தொகை படிப்பு மொய்க் குழுவால் திருப்பிச் செய்யப்படும்." பிள்ளைகள் தயங்கினார்கள். நாலு வருஷத்தில் நாங்கள் எங்கே இருப்போமோ என்றார்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் செய்யட்டும், நோட்டு என் அலமாரியில் இருக்கும் என்றேன். உரக்கடைக்காரர் அந்த வாசகத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இப்ப வாசல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி கடைசி ஞாயிறு. ஒரு காலி மனையில் சாமியானா. கறி விருந்தெல்லாம் இல்லை. சுண்டல், எலுமிச்சைச் சாதம், டீ. பெண் பிள்ளைகள் சிலம்பம் சுற்றினார்கள். பையன்கள் பறை அடித்தார்கள். 1098 பற்றி ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். நாடகம் சுமார்தான், ஆனால் மாமியாராக வந்த பையனுக்குச் சிரிப்பலை.

மேசையில் நான் எழுத, துடுக்குப் பெண் பணம் வாங்கினாள். அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வரிசையில் பெண்கள் அதிகம். பெயரைக் கேட்டால் எல்லாரும் வழக்கம்போலப் புருஷன் பெயரையோ மகன் பெயரையோ சொன்னார்கள். நானும் பேனாவைக் கொண்டுபோனேன். அவள் குறுக்கிட்டாள். "அவரு பேரு வேணாம் ஆயா. பணம் நீங்கதானே தர்றீங்க? உங்க பேரைச் சொல்லுங்க."

பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருத்தி வெட்கப்பட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு கிழவி, "எம் பேரா? ரேசன் கார்டுலதான் இருக்கு" என்றாள். மொய் நோட்டில் பெண் பெயர் எப்போது வரும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். புருஷன் போன பிறகு, பிள்ளை சிறுவனாக இருந்தால், நடுவில் கொஞ்சகாலம் வரும். மகன் தலையெடுத்ததும் மறுபடி மறைந்துவிடும். முந்திரிக்கொட்டை உடைத்த காசாக இருக்கும், நூறு நாள் வேலைக் கூலியாக இருக்கும். நோட்டில் ஏறுவது அவர் பெயர். கடன் கொடுத்தவளும் அவள் இல்லை, வாங்கப் போகிறவளும் அவள் இல்லை என்று ஆகிவிடுகிறது. அன்று 143 வரிகள் எழுதினேன். அதில் 81 பெண்கள், தங்கள் சொந்தப் பெயரில். என் மனைவி, நான் வைத்த 500-ஐப் பார்த்துவிட்டு, தனியாக 200 எடுத்து வந்து வரிசையில் நின்றாள். வீட்டில் கேட்டால் நானே எழுதியிருப்பேனே என்றேன். "அதுக்குத்தான் வரிசையில நிக்கறேன்" என்றாள்.

மொத்த வரவு 38,260 ரூபாய். சாமியானா, சாப்பாடு, மைக் செட் எல்லாம் போக நிகரம் 33,950. பணத்தைப் பிள்ளைகள் அந்த ஆயா கையில் கொடுத்து ரசீது வாங்கி வந்தார்கள். அதில் ஆயாவின் கைநாட்டும், பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இருந்தன. நல்ல கையெழுத்து. விடுதியில் சேர்ந்துவிட்டாள், புதுமைப்பெண் பணமும் மாதம் வருகிறது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். தகப்பனார் இன்னும் பேசவில்லை.

2024 ஜூலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "ஐயா, எம் பொண்ணு காலேஜ்ல சேந்துட்டா. போன வருஷம் மொய் வச்சிருந்தேன், 500. திருப்பிச் செய்வாங்கன்னு எழுதியிருந்தீங்களே." குரலில் பாதி விளையாட்டு, பாதி நிஜம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. அவர் கொஞ்சம் கோபப்பட்டார். மறுபடி வரிவரியாகப் பார்த்தபோது, அவர் ஊரில், அதே தொகையில், 57-ஆம் வரியில் ஒரு பெண் பெயர் இருந்தது.

"இது யாரு?"

"எம் வீட்டுக்காரி."

"அப்ப அவங்கதான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். புதுக் குழுவின் பிள்ளைகளில் இருவரை வரச்சொல்லியிருந்தேன். 500-க்கு மேல் ஒரு ரூபாயும் சேர்த்து, மஞ்சள் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். 57-ஆம் வரிக்கு எதிரே "திரும்பியது" என்று எழுதித் தேதி போட்டேன். அவர் நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.